மொழிக்கொரு பொருள்: ஒரே எழுத்துக்கூட்டைத் தேட விக்சனரி எவ்வளவு தூரம் உதவுகிறது?

அகராதிகள் மொழிவாரியாகக் கட்டப்பட்டவை. போலிஷ் அகராதிக்கு ஹங்கேரியனைப் பற்றிக் கவலை கிடையாது; ஸ்வீடிஷ் அகராதி டேனிஷ் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "இதே எழுத்து வேறு எந்தெந்த மொழியில் இருக்கிறது, அங்கெல்லாம் என்ன பொருள்?" என்று கேட்டால் அவை கைவிரித்துவிடும். இந்தக் கேள்விக்கென்றே கட்டியதுபோல ஓர் அகராதி இலவசமாகக் கிடைக்கிறது. அதுதான் விக்சனரி. ஆங்கிலப் பதிப்பு 2002 டிசம்பரில் தொடங்கியது. 2004 முதல் பிற மொழிப் பதிப்புகள் வரத் தொடங்கின. இங்கே மதிப்பிடுவது ஆங்கிலப் பதிப்பை. ஆங்கிலப் பதிப்பு என்றால் ஆங்கிலச் சொற்கள் மட்டும் உள்ள பதிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எல்லா மொழிச் சொற்களும் அதில் உண்டு. விளக்கம்தான் ஆங்கிலத்தில் இருக்கும்.

அதன் அடிப்படை விதி ஒன்றுதான்: ஒரு எழுத்துக்கூட்டுக்கு ஒரு பக்கம். அந்த எழுத்துகள் எத்தனை மொழியில் சொல்லாக நின்றாலும் அத்தனையும் அதே பக்கத்தில் வரிசையாக அடுக்கப்படும். முதலில் மொழி சாராத பொதுக் குறியீடுகள், அடுத்து ஆங்கிலம், அதற்குப் பிறகு மற்ற மொழிகள் ஆங்கில அகர வரிசையில். ஒவ்வொரு மொழித் தலைப்பின் கீழும் சொற்பிறப்பு, உச்சரிப்பு, சொல்வகை, பொருள் என்று தனித்தனிப் பிரிவுகள்.

டி, ஓ, ஜி என்று தட்டிப் பாருங்கள். நாயைத் தேடி வந்தவருக்கு ஆங்கிலப் பகுதியோடு வேலை முடிந்துவிடும். கீழே இறங்கினால்தான் வேடிக்கை. டேனிஷில் அது 'ஆயினும்' என்று பொருள்படும் இடைச்சொல். ஸ்வீடிஷில் 'இறந்தான், இறந்தாள்' என்ற இறந்தகால வினை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதியில் வழங்கிய மபாபரம் என்ற பழங்குடி மொழியில் மறுபடியும் நாய்! இது ஆங்கிலத்திலிருந்து போன கடன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை. பக்கத்து மொழிகளில் நாய்க்கு 'குடக', 'குட' போன்ற சொற்கள் இருக்கின்றன. மபாபரத்தில் முதல் அசை உதிர்ந்து, உயிரொலி மாறி, கடைசியில் ஆங்கிலச் சொல்லைப் போலவே வந்து நின்றுவிட்டது. தற்செயல் ஒற்றுமைக்கு மொழியியல் வகுப்புகளில் வழக்கமாகக் காட்டும் உதாரணம் இது. ஆக, ஒரே பக்கத்தில் எழுத்து ஒன்றாகிப் பொருள் வேறான சொற்களும் உண்டு. எழுத்தும் பொருளும் ஒன்றாகி உறவே இல்லாத சொற்களும் உண்டு. வேறு எந்த இலவச அகராதியிலும் இப்படி ஒரு பக்கத்தைப் பார்ப்பது கடினம்.

எச், ஏ, டி இன்னொரு நல்ல பக்கம். ஆங்கிலத்தில் தொப்பி, ஹங்கேரியனில் ஆறு என்ற எண், துருக்கியில் கோடு (அரபியிலிருந்து வந்தது), ஜெர்மனில் 'வைத்திருக்கிறான்'. ஓ, என் என்ற இரண்டே எழுத்து துருக்கியில் பத்து, ஃபின்னிஷில் 'இருக்கிறது', போலிஷில் 'அவன்', பிரெஞ்சில் 'யாரோ ஒருவர்' அல்லது பேச்சுவழக்கில் 'நாம்'. சொல் குறுக குறுகப் பக்கம் நீளும். எழுத்து எண்ணிக்கை குறைந்தால் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான் கணக்கு. ஏழெட்டு எழுத்துள்ள சொல் இரண்டு மொழியில் ஒத்துவந்தால் அங்கே தற்செயலைவிடக் கடன் வாங்கலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இனி, எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்ப்போம்.

முதல் பள்ளம் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. விக்கிப்பீடியாவில் முதல் எழுத்தை எப்படித் தட்டினாலும் ஒரே கட்டுரைக்குப் போகும். விக்சனரியில் அப்படியில்லை, இரண்டும் இரண்டு பக்கம். ஜெர்மன் மொழியில் எல்லாப் பெயர்ச்சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்குவதால் இது சின்ன விஷயமே அல்ல. ஜி, ஐ, எஃப், டி என்று சின்ன எழுத்தில் தட்டினால் ஆங்கிலத்தின் பரிசும் ஸ்வீடிஷின் 'விஷம்', 'மணமானவர்' என்ற இரண்டு பொருள்களும் வரும். எல்லோரும் தேடிவரும் ஜெர்மன் 'விஷம்' அந்தப் பக்கத்தில் இருக்காது. பெரிய ஜி போட்ட பக்கத்தில் இருக்கும். பக்கத்தின் உச்சியில் 'இதையும் பார்க்க' என்று ஒரு சின்ன வரி இருக்கிறதே, அதைத் தாண்டி ஓடுகிறவர்கள்தான் "ஜெர்மன் விடுபட்டிருக்கிறது" என்று முடிவு கட்டுகிறார்கள். எம், ஓ, எஸ், டி பக்கமும் இப்படித்தான். சின்ன எழுத்தில் செக், போலிஷ் மொழிகளின் பாலம், ஹங்கேரியனின் 'இப்போது', ஆங்கிலத்தின் 'மிகுதி'. ஜெர்மனின் பழச்சாறும், பாலத்தால் பெயர் பெற்ற செக் நகரமும் பெரிய எழுத்துப் பக்கத்தில்.

அடுத்தது எழுத்தின் மேல் கீழ் விழும் குறிகள். 'பா' என்று ஒலிக்கும் பி, ஏ (ba) குறியில்லாமல் நின்றால் வியட்நாமியில் மூன்று. அதே எழுத்தின் மேல் குறி மாறினால் வேறு சொல், வேறு பக்கம். சீனத்தின் ரோமன் எழுத்து முறையான பின்யினில் மேலே நேர்கோடு போட்டால் எட்டு. கைபேசி விசைப்பலகையில் குறிகளைத் தேடி அலைய வேண்டாம். குறியில்லாத வடிவத்தைத் தட்டி, உச்சி வரியில் உள்ள இணைப்புகளைப் பிடித்துப் போவதே சுலபம். வடிவங்கள் அதிகமாக இருந்தால் அவற்றைத் திரட்டித் தனிப் பின்னிணைப்புப் பக்கமே வைத்திருக்கிறார்கள். உச்சி வரியிலேயே அதற்கும் இணைப்பு இருக்கும்.

மூன்றாவது பள்ளம் எண்ணிக்கை. "இந்தச் சொல்லுக்கு நாற்பது மொழியில் பொருள் இருக்கிறது" என்று பக்கத்திலுள்ள தலைப்புகளை எண்ணிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். காரணங்கள் பல. மொழி சாராத பகுதியில் இருப்பது பெரும்பாலும் பன்னாட்டு மொழிக் குறியீடு; பி, ஏ, என் (pan) என்பது பஞ்சாபிக்கும், எச், ஏ, டி என்பது ஹைதி கிரியோலுக்கும் உரிய மூன்றெழுத்துக் குறியீடுகள். அவை சொற்கள் அல்ல. பழைய ஆங்கிலம், இடைக்கால ஆங்கிலம், இன்றைய ஆங்கிலம் மூன்றும் மூன்று தலைப்புகள். ஒரே சொல்லின் மூன்று வயதை மூன்று மொழியாக எண்ணிவிடுவோம். மொழிகளைப் பிரிப்பதிலும் இவர்களுக்கென்று ஒரு கொள்கை இருக்கிறது. செர்பியன், குரோஷியன், போஸ்னியன் எல்லாம் செர்போ-குரோஷியன் என்ற ஒரே தலைப்பில் அடங்கும். நார்வேஜியனின் இரண்டு எழுத்து வழக்குகளோ தனித்தனித் தலைப்புகளில் நிற்கும். இதில் சரி, தவறு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எண்ணிக்கை இந்தக் கொள்கையைப் பொறுத்துக் கூடவும் குறையவும் செய்யும்.

விகுதி ஏற்ற வடிவங்கள் இன்னொரு தொல்லை. ஸ்பானிஷ், லத்தீன், இத்தாலியன் வினைகளின் ஒவ்வொரு வடிவத்துக்கும் தானியங்கி நிரல்கள் பதிவு போட்டு வைத்திருக்கின்றன. சி, ஓ, எம், ஈ பக்கத்தில் இத்தாலியனின் 'எப்படி' ஒரு முழுமையான சொல். அதே பக்கத்தில் ஸ்பானிஷ் பகுதி, 'இன்ன வினையின் படர்க்கை ஒருமை நிகழ்கால வடிவம்' என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். 'சாப்பிடுகிறான்' என்ற பொருள் வேண்டுமானால் மூல வினையின் இணைப்பைச் சொடுக்கி அங்கே போய்ப் படிக்க வேண்டும். அவசரத்தில் பார்ப்பவருக்கு இது எரிச்சலூட்டும். இலக்கணப் பெயர்கள் பழக்கமில்லாதவருக்குப் பொருளே இல்லாத பதிவுபோலத் தோன்றும்.

உறவா, தற்செயலா

விக்சனரியின் உண்மையான பலம் மொழிகளை அடுக்குவதில் இல்லை. சொற்பிறப்புப் பகுதியில் இருக்கிறது. பொருள் வேறு என்பதால் சொல்லும் வேறு என்று ஆகிவிடாது. பரிசு, விஷம், மணமானவர் என்ற மூன்றைப் போல ஒன்றுக்கொன்று ஒட்டாத பொருள்கள் வேறெங்கும் கிடைக்காது என்று பட்டியல் போடுகிறவர்கள் சொல்வார்கள். சொற்பிறப்பைத் திறந்தால் மூன்றும் 'கொடு' என்ற ஒரே ஜெர்மானிய வேரில் போய் முடிகின்றன. கொடுக்கப்பட்டது பரிசு. மருந்தாகக் கொடுக்கப்படும் அளவு என்ற கிரேக்க, லத்தீன் சொல்லின் போக்கில் ஜெர்மனில் அது இடக்கரடக்கலாக விஷத்துக்குப் போனது. பெண்ணைக் 'கொடுப்பது' ஸ்வீடிஷின் திருமணம். இந்த வழக்கைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

நேர்மாறான உதாரணம் பி, ஏ, ஆர், என். ஆங்கிலத்தில் தானியக் களஞ்சியம், ஸ்காண்டிநேவிய மொழிகளில் குழந்தை. இரண்டும் ஜெர்மானியக் குடும்பத்து மொழிகள் என்பதால் உறவு இருந்தே தீரும் என்று தோன்றும். ஆங்கிலச் சொல் பழைய ஆங்கிலத்தில் வாற்கோதுமையையும் வீட்டையும் குறித்த இரண்டு சொற்கள் சேர்ந்து தேய்ந்தது. குழந்தை என்ற சொல்லோ சுமத்தல், ஈனுதல் என்ற வேரிலிருந்து வந்தது. ஒட்டு உறவே இல்லை.

பி, ஏ, என் பக்கத்தில் உறவும் தற்செயலும் கலந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் சட்டி, ஸ்பானிஷில் ரொட்டி, போலிஷில் 'ஐயா', வெல்ஷில் 'எப்பொழுது என்றால்' என்பதைப் போன்ற இணைப்புச் சொல். நான்கும் நான்கு பிறப்பு. ஆனால் அதே பக்கத்தில் ஜப்பானியச் சொல்லின் ரோமன் வடிவமும் நிற்கிறது. அதற்கும் ரொட்டி என்றுதான் பொருள். போர்த்துகீசியர் வழியாக ஜப்பானுக்குப் போன சொல் அது. ஸ்பானிஷ் சொல்லும் அதுவும் ஒரே லத்தீன் மூலத்தின் பிள்ளைகள். அண்டை நாட்டு மொழிகள் அன்னியமாகி, கடல் கடந்த மொழி சொந்தமாகிறது.

இதைச் சோதிக்க வழி இருக்கிறது. ஒப்பிட வேண்டிய இரண்டு மொழிப் பகுதிகளின் சொற்பிறப்பையும் இரண்டு சாளரத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 'மரபாக வந்தது', 'கடனாக வந்தது' என்ற சொற்களைக் கவனித்தபடி சங்கிலியில் பின்னோக்கிப் போங்கள். நட்சத்திரக் குறி போட்ட வடிவம் வந்தால் அது எழுத்தில் கிடைத்த சொல் அல்ல, அறிஞர்கள் மீட்டுருவாக்கியது. அதற்கும் தனிப் பக்கம் உண்டு. அந்தப் பக்கத்தில் 'வழித்தோன்றல்கள்' என்ற பிரிவில் மகள் மொழிச் சொற்கள் மரம்போல விரியும். இரண்டு சங்கிலிகளும் ஒரே பக்கத்தில் முட்டினால் உறவு. கடைசிவரை முட்டாமல் போனால், அந்த அளவில் தற்செயல். ஒரு மொழிப் பகுதிக்குள்ளேயே 'சொற்பிறப்பு 1', 'சொற்பிறப்பு 2' என்று எண் போட்டிருந்தால், ஒரே எழுத்தில் இரண்டு வெவ்வேறு சொற்கள் குடியிருக்கின்றன என்று பொருள். எந்தப் பொருள் எந்த எண்ணின் கீழ் வருகிறது என்று பார்க்காமல் வேரை ஒட்டிவிடக் கூடாது. சொற்பிறப்பு இல்லை, முழுமையாக இல்லை என்ற அறிவிப்புப் பெட்டி வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 'தெரியவில்லை' என்பதை 'உறவில்லை' என்று எழுதிவிடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய பிழை.

குழந்தை மொழிச் சொற்களில் இந்தச் சோதனையும் தடுமாறும். அம்மா, மாமா, பாப்பா போன்றவை குழந்தையின் வாய் எளிதில் எழுப்பும் ஒலிகளிலிருந்து அந்தந்த மொழியில் தனியாகப் பிறக்கக்கூடியவை; மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960-இல் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். தமிழ் 'அம்மா', கொரிய 'ஓம்மா' இரண்டையும் பக்கத்தில் வைத்து இரு மொழிக்கும் உறவு நிறுவப் புறப்படுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கலாம்.

எழுத்து ஒன்று, ஒலி வேறு

விக்சனரி எழுத்தைத்தான் கோக்கிறது, ஒலியை அல்ல. ஸ்வீடிஷின் 'இறந்தான்' காதில் 'டூக்' என்று விழும். டேனிஷின் 'ஆயினும்' கிட்டத்தட்ட 'டௌ'. ஹங்கேரியனில் எஸ் என்ற எழுத்து 'ஷ்' என்று ஒலிப்பதால் 'இப்போது' என்ற சொல் 'மோஷ்ட்'. பிரெஞ்சின் ஓ, என் மூக்கொலியாக முடியும், கடைசியில் மெய்யே இருக்காது. ஜே, ஏ என்ற எழுத்துகள் ஜெர்மனில் 'யா', பொருள் ஆம். போலிஷிலும் 'யா', ஆனால் பொருள் நான். ஃபின்னிஷிலும் 'யா', பொருள் மற்றும். ஸ்பானிஷில் மட்டும் 'ஹா', அது சிரிப்பு. எழுத்தில் மட்டும் ஒன்றானவற்றையும் ஒலியிலும் ஒன்றானவற்றையும் பிரிக்க உச்சரிப்புப் பகுதியைப் படித்தாக வேண்டும். அது பன்னாட்டு ஒலிக்குறியில் இருக்கும். சாய்கோடுகளுக்குள் இருந்தால் பொதுவான ஒலியமைப்பு, சதுர அடைப்புக்குள் இருந்தால் நுணுக்கமான உச்சரிப்பு. ஒலிப்பதிவு எல்லாப் பதிவுகளுக்கும் இல்லை. அந்தக் குறைக்கு ஃபோர்வோ தளம் நல்ல துணை. அங்கும் ஒரு எழுத்துக்கூட்டைத் தேடினால் மொழிவாரியாகப் பிரித்து, தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் சொல்லிக் காட்டியதைக் கேட்கலாம். பொருள் அங்கே கிடைக்காது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டால்தான் வேலை முழுமையாகும்.

நமக்குப் பெரிய சுவர்

தமிழ் வாசகர் விக்சனரியின் மேல் வைக்க வேண்டிய முதன்மையான குறை இதுதான்: எழுத்துமுறை மாறினால் பக்கமும் மாறிவிடும். ரோமன் எழுத்து மொழிகள் ஒரே மேடையில் கூடிக் கும்மாளம் போடுகின்றன. இந்திய மொழிகள் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்திருக்கின்றன. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா. நமக்கு அம்மாவின் அண்ணன் அல்லது தம்பி. ரோமன் எழுத்தில் எழுதும் பல மொழிகளில் அம்மா. இதைவிட அழகான முக்கோணம் கிடைக்காது, ஆனால் மூன்றும் மூன்று எழுத்துமுறை என்பதால் விக்சனரியில் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. 'நே' என்றால் கிரேக்கத்தில் ஆம், கொரியனில் ஆம், ஸ்லாவிய மொழிகள் பலவற்றில் இல்லை. ரோமன் எழுத்தில் எழுதும் செக் மொழிச் சொல் ஒரு பக்கத்தில் இருக்கும். கிரேக்கமும் கொரியனும் அந்தப் பக்கத்துக்கு வராது. ஜப்பானியத்துக்கும் சீனத்துக்கும் ரோமன் வடிவப் பதிவுகள் உண்டு, தமிழுக்குக் கிடையாது. இது நியாயமில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்திய மொழிகளுக்குள் தேடுகிறவருக்கு ஒரு சுற்றுவழி உண்டு. 'அவசரம்' என்பதை எடுத்துக்கொள்வோம். தமிழிலும் கன்னடத்திலும் விரைவு, தெலுங்கில் தேவை, மலையாளத்தில் வாய்ப்பு. தமிழ்ப் பக்கத்தில் மற்றவை இல்லை. சொற்பிறப்பில் உள்ள சமஸ்கிருத இணைப்பைச் சொடுக்கி அந்தச் சொல்லின் பக்கத்துக்குப் போனால், வழித்தோன்றல் பட்டியலில் அதை வாங்கிய மொழிகளைக் காணலாம். ஒவ்வொன்றாகத் திறந்து பொருளை எடுக்க வேண்டியதுதான். மலையாளத்தில் பேச்சு என்றும் தமிழ்ப் பேச்சுவழக்கில் மனைவி என்றும் ஆகிப்போன 'சம்சாரம்', தமிழில் சமயச் சொற்பொழிவாகவும் இந்தியில் நாவலாகவும் ஆன 'உபன்யாசம்' போன்றவற்றுக்கும் இதே பாதை. பட்டியல்கள் முழுமையானவை அல்ல. பட்டியலில் இல்லை என்றால் அந்த மொழியில் இல்லை என்று அர்த்தமில்லை. தேவநாகரியில் எழுதும் மொழிகளுக்கு மட்டும் இந்தச் சுற்று தேவையில்லை: இந்தியில் கல்வி, மராத்தியில் தண்டனை என்று பொருள்படும் 'சிக்ஷா' போன்றவை ஒரே பக்கத்துக்குள் வந்துவிடும். கல்வியும் தண்டனையும் ஒரு சொல்லுக்குள் அடங்கியதைப் பற்றி மாணவர்கள் கருத்துச் சொல்லலாம்.

பொது மூலமே இல்லாத ஒலி ஒற்றுமைகளுக்கு இந்தச் சுற்றுவழியும் பயன்படாது. அங்கே ஒரே உபாயம் தேடல் பெட்டி. ரோமன் எழுத்தில் ஒலிபெயர்ப்பைத் தட்டி, நேராகப் பக்கத்துக்குப் போகாமல் 'இந்தச் சொல் உள்ள பக்கங்கள்' என்ற முழுத் தேடலைத் தேர்ந்தெடுங்கள். பதிவுகளில் தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் ரோமன் ஒலிபெயர்ப்பு காட்டப்படுவதால் பல நேரம் பிற எழுத்துமுறைச் சொற்களும் மாட்டும். குப்பையும் சேர்ந்து வரும், பொறுமை வேண்டும்.

தமிழ் விக்சனரி இந்த வேலைக்கு மாற்றா என்றால், இல்லை. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடுகிறவருக்கு அது நல்ல இடம். மொத்தமாகத் தானியங்கி வழியே ஏற்றிய கலைச்சொல் தொகுப்புகள் அதன் பெரும் பகுதி. ஆனால் ஒரே எழுத்துக்கூட்டின் ஸ்வீடிஷ், ஹங்கேரியன், துருக்கியப் பொருள்களை அங்கே எதிர்பார்க்க முடியாது. மொழிபெயர்ப்புச் செயலிகளும் இதற்கு ஆகாது. ஒற்றைச் சொல்லைக் கொடுத்து 'மொழியைக் கண்டறி' என்றால் அவை ஏதோ ஒரு மொழியை ஊகித்து அதன் பொருளை மட்டும் தரும். வாக்கியத்துக்காகச் செய்த கருவியிடம் சொல்லைக் கொடுத்தால் அப்படித்தான்.

எவ்வளவு நம்பலாம்

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் சந்தேகம் வருவது இயல்பு. உள்ளே விதிகள் கடுமையானவைதான். எழுத்து வளம் மிக்க மொழியின் சொல்லுக்கு, குறைந்தது ஓராண்டு கால இடைவெளியில் ஒன்றையொன்று சாராத மூன்று பயன்பாட்டுச் சான்றுகளாவது வேண்டும். எழுத்து வளம் குறைந்த மொழிக்கு ஒரு சான்று போதும். ஒரு பொருளை யாராவது சந்தேகித்தால் 'சரிபார்க்க வேண்டும்' என்ற பெட்டி அதன் மேல் விழும். சான்று வராவிட்டால் அந்தப் பொருள் நீக்கப்படும். அந்தப் பெட்டி தொங்கும் பொருளை எடுத்தாளாதீர்கள். பொருளுக்கு முன்னால் அடைப்பில் வரும் 'வழக்கொழிந்தது', 'வட்டார வழக்கு', 'கொச்சை' என்ற குறிப்புகளையும் விட்டுவிடக் கூடாது. வைரலாகும் "இந்தச் சொல்லுக்கு அந்த மொழியில் கெட்ட அர்த்தம்" வகைப் பட்டியல்களில் பாதி, இந்தக் குறிப்புகளை உரித்துப் போட்டதால் உண்டானவை.

விற்பனைப் பொருளுக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கு இது நேரடியாக உதவும். மிட்சுபிஷி பஜேரோ கார், ஸ்பானிஷ் பேசும் சந்தைகளில் மொன்டேரோ என்ற பெயரில் விற்கப்பட்டதற்குக் காரணம் அங்கே முதல் பெயருக்கு இருந்த கொச்சைப் பொருள். செவர்லே நோவா கதை அப்படியல்ல. 'ஓடாது' என்று பொருள்பட்டதால் ஸ்பானிஷ் நாடுகளில் கார் விற்கவில்லை என்பது இன்றும் மேடைகளில் சொல்லப்படும் கட்டுக்கதை. மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் அந்தக் கார் நன்றாகவே விற்றது. ஒரே சொல்லாக எழுதும்போது அழுத்தம் முதல் அசையில், 'நோ வா' (ஓடாது) என்று இரண்டு சொல்லாகச் சொல்லும்போது அழுத்தம் கடைசியில். உச்சரிப்புப் பகுதியைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். பெயர்ச் சோதனைக்கு விக்சனரி முதல் சல்லடை மட்டுமே. கொச்சை வழக்குகளின் பதிவு மொழிக்கு மொழி ஏறியிறங்கும். கடைசி முடிவு அந்த மொழியைப் பேசுகிறவரிடம் கேட்டுத்தான்.

தளத்தின் வேகம் பொதுவாக நன்று, விளம்பரம் கிடையாது. ஓரெழுத்து, ஈரெழுத்துப் பக்கங்கள் மட்டும் சோதிக்கும். ஒவ்வொரு வரியையும் லுவா என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல்துண்டுகள் கணித்துக் காட்டுகின்றன. ஒரு பக்கத்துக்கு இவ்வளவு நினைவகம்தான் என்ற வரம்பும் உண்டு. மிக நீண்ட பக்கங்களில் அந்த வரம்பு முட்டி, உள்ளடக்கத்துக்குப் பதில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி தெரிந்ததுண்டு. அப்படி வந்தால் உங்கள் இணையத்தைக் குறை சொல்ல வேண்டாம். கைபேசியில் மொழித் தலைப்புகள் மடிந்த நிலையில் வருவது இந்த வேலைக்கு வசதி. முதல் பார்வையிலேயே மொழிப் பட்டியல் கிடைத்துவிடும். கணினியில் கணக்குத் தொடங்கி, விருப்பத்தேர்வுகளில் மொழிகளைத் தாவல்களாகப் பிரிக்கும் வசதியை இயக்கிக்கொள்ளலாம். யாருக்காவது குறிப்பிட்ட மொழிப் பகுதியை அனுப்ப வேண்டுமானால், முகவரியின் கடைசியில் ஹேஷ் குறியும் மொழியின் ஆங்கிலப் பெயரும் சேர்த்தால் போதும். பெயர் இரண்டு சொல்லானால் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு. இணையம் இல்லாத இடங்களுக்குக் கிவிக்ஸ் செயலியில் முழுத் தொகுப்பையும் இறக்கி வைக்கலாம்.

ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்ப்பது போதாது, அதிக மொழிகளில் ஒத்துவரும் எழுத்துக்கூட்டுகளை மொத்தமாக அள்ள வேண்டும் என்கிறவர்களுக்கு விக்டெக்ஸ்ட்ராக்ட் என்ற நிரல் வழி திறந்திருக்கிறது. அது விக்சனரியை, நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. ஆயத்தக் கோப்புகள் கைக்கி தளத்தில் கிடைக்கும். பல கிகாபைட் அளவு என்பதால் கோப்பை முழுதாக நினைவகத்தில் ஏற்றாமல் வரிவரியாகப் படியுங்கள். ஒவ்வொரு வரியிலும் சொல், மொழிக் குறியீடு, பொருள் பட்டியல் இருக்கும். வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும் வழிமாற்று வரிகளில் சொல் என்ற புலமே இருக்காது. அதைக் கவனிக்காத நிரல் பாதியில் நின்றுவிடும். பொருள்கள் எல்லாமே 'இன்னதன் வடிவம்' என்று குறிக்கப்பட்ட வரிகளைக் கழியுங்கள். மொழி சாராத குறியீட்டையும், வேண்டாமென்றால் பழைய, இடைக்கால ஆங்கிலத்தையும் தள்ளுங்கள். பெரிய எழுத்தைச் சின்னதாக்கிய பிறகு சொல்வாரியாகத் தொகுத்தால் ஜெர்மன் விஷமும் ஆங்கிலப் பரிசும் ஒரே குவியலில் சேரும். பிறகு மொழி எண்ணிக்கைப்படி இறங்கு வரிசையில் அடுக்குங்கள். உறவா, தற்செயலா என்பதை மட்டும் நிரலிடம் விடாமல், சொற்பிறப்புப் புலத்தை எடுத்து நீங்களே படிக்க வேண்டியிருக்கும். எடுத்த பட்டியலை வெளியிடலாம். படைப்பாக்கப் பொதும உரிமம் என்பதால் மூலத்தைக் குறிப்பிட்டு, உங்கள் பட்டியலையும் அதே உரிமத்தில் விட வேண்டும்.